லாரி வந்த நேரம்

தரவுப் பகுப்பாய்வை விட்டுப் பொதுக் கொள்கைப் படிப்புக்கு ஏன் வந்தாய் என்று பலரும் கேட்கிறார்கள். என்னைத் திருப்பியது சென்னைக் குடிநீர்தான்.

புள்ளியியல் முதுகலை ஆய்வேட்டுக்கு 2019ஆம் ஆண்டை எடுத்துக்கொண்டேன். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த ஆண்டு. ஏரிகளின் நீர்மட்டம், மழையளவு, லாரி நடைகள் என்று எண்களுக்குப் பஞ்சமில்லை. அதன் பிறகு, இன்றும் லாரியை நம்பியிருக்கும் தெருக்களைப் பார்க்கக் கிளம்பினேன்.

தரமணிப் பக்கம் ஒரு தெருமுனையில் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி. அதைச் சுற்றிக் குடங்களின் வரிசை. ஆள் நிற்க முடியாத வீட்டுக்குக் குடம்தான் ஆள். கழுத்தில் கட்டிய கலர்த் துணிதான் அடையாளம். எத்தனை குடம் கிடைக்கும் என்று ஓர் அக்காவிடம் கேட்டேன்.

“தண்ணீர் கிடைத்துவிடும் தம்பி. எப்போது கிடைக்கும் என்பதுதான் தெரியாது. லாரி ஆறு மணிக்கு வந்தால் வேலைக்குப் போகலாம். பத்து மணிக்கு வந்தால் அன்றைய சம்பளம் போனதுதான்.”

என் அட்டவணையில் நடைகள் இருந்தன, வந்த நேரம் இல்லை. அதைக் குறித்துவைக்க வேண்டும் என்று எந்த விதியும் கேட்கவில்லை. எதை எண்ண வேண்டும் என்று தீர்மானிக்கும் இடத்தில்தான் இனி வேலை செய்ய வேண்டும் என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

2015இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட 17 நீடித்த வளர்ச்சி இலக்குகளில் ஆறாவது, தண்ணீரும் சுகாதாரமும். பாதுகாப்பான குடிநீர் என்றால் வீட்டு வளாகத்திலேயே கிடைக்க வேண்டும், தேவைப்படும்போது கிடைக்க வேண்டும், மாசு இருக்கக்கூடாது என்கிறது அதன் அளவுகோல். அதற்கு ஒருபடி கீழே உள்ள அடிப்படை வசதிக்கே, போய்வருவதும் வரிசையில் நிற்பதும் சேர்த்து 30 நிமிடத்தைத் தாண்டக்கூடாது. படித்தபோது உடல் சிலிர்த்தது. அந்த அக்கா இழக்கும் காலைப்பொழுதுக்கு உலக அளவில் ஒரு கணக்கு இருக்கிறது!

மழைநீர் சேகரிப்பும் இப்படித்தான். 2003இலேயே தமிழ்நாட்டில் கட்டாயமாக்கினார்கள், நல்ல சட்டம். ஆனால் குழி இருக்கிறதா என்று பார்ப்பது ஒன்று, ஐப்பசி மழையில் அந்தக் குழிக்குள் நீர் இறங்குகிறதா என்று பார்ப்பது வேறு. இரண்டாவதைத்தான் இப்போது ஆய்வுக்கு எடுத்திருக்கிறேன்.

பைத்தான் என்ற கணினி நிரல்மொழி கற்றது வீணாகிவிடுமோ என்று தயங்கும் தம்பி தங்கைகளே, ஆகாது. தினமும் அதில்தான் வேலை செய்கிறேன். கூடவே அரசாணை படிக்கப் பழகுங்கள், தெருவில் போய்க் கேட்கப் பழகுங்கள்.