ரோபோ கை 'என் கை' ஆகும் உணர்வுக்கு என்ன சொல்?

நண்பர்களுக்கு வணக்கம்.

செயற்கைக் கையைப் பூட்டிக்கொண்டவர் நாளடைவில் அதைத் தன் உடம்பாகவே உணர்கிறாரே, அந்த உணர்வுக்குத் தமிழ்ச் சொல்லாக இதுவரை மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன. மூன்றிலும் எனக்கு மனக்குறை உண்டு. 'உடைமையுணர்வு' என்றால் வீடும் மாடும்தான் நினைவுக்கு வருகின்றன. என் குடையும் என் உடைமையே. பஸ்ஸில் யாராவது அதை மிதித்தால் எனக்கு வலிப்பதில்லை. 'உறுப்பேற்பு' மருத்துவர் காதில் விழுந்தால் மாற்றுச் சிறுநீரகத்தை உடல் ஏற்பதாகிவிடும். 'மெய்யுணர்வு' அழகுதான்; ஆனால் மெய்யுணர்தல் என்று, உண்மையை உணர்தல் என்ற வேறு பொருளில், ஓர் அதிகாரமே வள்ளுவர் எழுதிவிட்டார்.

அந்த உணர்வு எப்படி எழுகிறது என்று பாருங்கள். 1998இல் போட்வினிக், கோஹன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஒருவரது கையைத் திரைக்குப் பின்னே மறைத்து, கண்ணெதிரே ஒரு ரப்பர் கையை வைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் தூரிகையால் வருடினார்கள். 10 நிமிடம். வருடல் ரப்பர் கையில்தான் படுகிறது என்று தோன்றிவிட்டது. இரு வருடல்களும் நேரம் பிசகினால் இந்தப் பொய்த்தோற்றம் குலைந்துவிடும். 2003இல் ஆர்மல், வி. எஸ். ராமச்சந்திரன் என்ற ஆய்வாளர்கள் இதேபோன்ற சோதனையில் ரப்பர் விரலைப் பின்னோக்கி வளைத்தார்கள். பார்த்திருந்தவரின் தோலில் வியர்வை கூடியது. குடைக்கு யாரும் அப்படி வியர்ப்பதில்லை!

நன்னூல் ஆறாம் வேற்றுமைப் பொருளை இரண்டாகப் பிரிக்கிறது. கிழமை என்றால் உரிமை. சாத்தனது கை என்பது தற்கிழமை, உடையவரிடமிருந்து பிரிக்க முடியாதது. முருகனது வேல் என்பது பிறிதின்கிழமை, பிரிக்கக்கூடியது. கழற்றி மேசைமேல் வைக்கக்கூடிய ரோபோ கை, வேலின் வரிசையிலிருந்து கையின் வரிசைக்கு வந்துவிடுகிறது. ஆகவே என் பரிந்துரை: தற்கிழமையுணர்வு.

மறுமொழி:

ஐயா, இலக்கணம் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் கிழமை என்றதும் என் மாணவர்கள் திங்கள், செவ்வாய் என்று எண்ணத் தொடங்குவார்கள். 'தற்' என்பதைத் தற்காலிகம் என்று படிப்பவர்களும் உண்டு. 'தன்னுறுப்புணர்வு' என்றால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும்.

இன்னொரு சிக்கல். லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் மூன்றாம் கட்டைவிரல் ஆய்வை 2021இல் வெளியிட்டார்கள். சுண்டுவிரல் பக்கம் பூட்டிக்கொண்டு, கால் பெருவிரல்களை அழுத்தி இயக்கும் ரோபோ விரல் அது. 5 நாள் பயிற்சியிலேயே உடம்பின் பகுதிபோல் ஆகிவருவதாக அணிந்தவர்கள் சொன்னார்கள். அங்கே தூரிகை இல்லை. நான் அசைத்தேன், அது அசைந்தது, அவ்வளவுதான். ரப்பர் கையோ அசையவே இல்லை. 'என்னுடையது' என்பதும் 'நான் இயக்குகிறேன்' என்பதும் வேறுவேறு உணர்வுகள் அல்லவா? ஒரே சொல்லில் இரண்டையும் அடைத்தால் மொழிபெயர்ப்பவர் திண்டாடுவார்.

மறுமொழி:

அம்மா, திங்கள் செவ்வாயிடம் தோற்றேன். தன்னுறுப்புணர்வே இருக்கட்டும், தற்கிழமை அடிக்குறிப்பில் ஒதுங்கிக்கொள்ளும்.

'நான் இயக்குகிறேன்' என்ற இரண்டாவது உணர்வுக்கும் இலக்கணத்தைத்தான் நாடுகிறேன், கோபிக்க வேண்டாம். செயலைச் செய்பவருக்கு அங்கே வினைமுதல் என்று பெயர். எனவே 'வினைமுதலுணர்வு'. இதில் கிழமை எதுவும் இல்லை, சரிபார்த்துவிட்டேன்.