அம்மா, அப்பா சுவிஸ் பயணம் (வீட்டுக் குழு)

*அக்கா:* அம்மாவுக்கும் அப்பாவுக்கும் விசா கிடைத்துவிட்டது! இப்போதுதான் கொழும்பிலிருந்து பாஸ்போட் வந்தது.

*சுவிஸ் அண்ணா:* நல்லூரானே! எத்தனை நாளாகக் காத்திருந்தோம். யூனிலேயே வாருங்கள். இங்கே ஏரியில் இருக்கிற மைனாவ் பூந்தோட்டத் தீவில் ரோசாப்பூக் காலம் அது.

*அம்மா:* நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முன்னம் நான் வீட்டில் நிற்க வேண்டும், தம்பி.

*சுவிஸ் அண்ணா:* நிற்பீர்கள் அம்மா. அதைப் பார்த்துத்தான் யூன் என்று சொல்கிறேன்.

*அப்பா:* தம்பி, உன் ஊர் கிரொய்ஸ்லிங்கன் எல்லையில்தானே? அங்கால ஜேர்மனி. விசா சுவிஸ்காரன் தந்தது. அந்தப் பக்கம் போக வேறு பாஸ் எடுக்க வேண்டுமா?

*சுவிஸ் அண்ணா:* வேண்டாம் அப்பா. இது செங்கன் விசா, ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகும் ஒழுங்கு; இரண்டு நாட்டுக்கும் செல்லும். சுவிஸ் 2008 டிசம்பரில் அந்த ஒழுங்குக்குள் வந்தது. ஆனால் பாஸ்போட்டை வீட்டில் வைத்துவிட்டு வரக்கூடாது. ஜேர்மன் பொலிஸ் இடைக்கிடை நிறுத்திப் பார்ப்பார்கள்.

*மாமி:* கடைக்குப் போவதற்கும் பாஸ்போட்டோ?

*சுவிஸ் அண்ணா:* ஓம் மாமி. இங்கே பாதிச் சனம் கிழமைச் சாமான் வாங்குவதே எல்லைக்கு அங்கால கொன்ஸ்டான்ஸ் நகரில்தான், ஜேர்மனியில் விலை குறைவு. ஆள் சும்மா நடந்து போகலாம், சாமானுக்குத்தான் சுங்கம். இறைச்சி என்றால் ஆளுக்கு நாளுக்கு 1 கிலோதான் வரியில்லாமல் கொண்டுவரலாம்.

*சுவிஸ் அண்ணா:* கடையெல்லாம் பிறகு. முதல் பின்னேரமே இருவரையும் எல்லைக்கு நடத்திக் கூட்டிப்போகப் போகிறேன். கிரொய்ஸ்லிங்கனில் கொன்ஸ்டான்ஸ் ஏரிக்கரையோரம் பெரிய பூங்கா. அதைத் தாண்டி நடந்தால் ஒரு புல்வெளி. அதில் 22 சிற்பங்கள் வரிசையாக நிற்கின்றன. பளபளக்கும் உருக்கு, ஒவ்வொன்றும் 8 மீற்றர் உயரம். அந்த வரிசைதான் எல்லை. நடுவில் பிள்ளைகள் பந்து விளையாடுவார்கள், பந்து ஜேர்மனிக்குள் உருண்டால் ஓடிப்போய் எடுத்துவருவார்கள்.

*அப்பா:* வேலி இல்லையா?

*சுவிஸ் அண்ணா:* இருந்தது அப்பா. இரண்டாம் உலகப்போர் தொடங்கிய 1939 இல் போட்ட கம்பி வேலி. 2006 ஓகஸ்டில்தான் கழற்றினார்கள்.

*அப்பா:* 2006 ஓகஸ்டா?

*அப்பா:* அதே ஓகஸ்டில்தான் சண்டை மூண்டு முகமாலைச் சோதனைச்சாவடியைப் பூட்டினார்கள். யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 வீதி அடைபட்டது. நான் கொழும்பில் அகப்பட்டுப்போனேன். பிறகு திருகோணமலைக்குப் போய்க் கப்பலில்தான் வீடு வந்து சேர்ந்தேன்.

*அம்மா:* சீனிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்றோம். இவர் எங்கே நிற்கிறார் என்று ஒரு செய்தியும் இல்லை.

*அக்கா:* எனக்கு நல்ல ஞாபகம் அப்பா. நீங்கள் படலையைத் திறந்தபோது தாடியோடு நின்றீர்கள். சின்னவன் பயந்து அழுதான்.

*சுவிஸ் அண்ணா:* இரண்டும் ஒரே மாதம் என்று நான் யோசித்ததே இல்லை. அப்பா, நீங்கள் அந்தப் புல்லில் நடப்பதை நான் பார்க்க வேண்டும்.

*அப்பா:* நடப்போம், தம்பி.

*மாமி:* இனி ஒருநாளும் பூட்டமாட்டார்களோ?

*சுவிஸ் அண்ணா:* கொரோனாவில் பூட்டினார்கள் மாமி. 2020 இல் அதே புல்லில் திரும்பவும் வேலி. இந்தப் பக்கம் பெண், அந்தப் பக்கம் பையன், கம்பிக்கு ஊடாகக் கைபிடித்துக்கொண்டு நின்றார்கள். அதையும் தடுக்க இடைவெளி விட்டு இரண்டாவது வேலி போட்டார்கள். மே மாதம் கழற்றியதும் ஊரே வந்து பார்த்தது.

*அம்மா:* பாவங்கள். அந்த ஏரியில் குளிக்கலாமா? ஆழமோ?

*சுவிஸ் அண்ணா:* கரையில் குளிக்கலாம் அம்மா, யூனில் தண்ணீர் கொஞ்சம் குளிரும். நடு ஏரி 250 மீற்றருக்கு மேல் ஆழம். மண்டைதீவுப் பக்கம் ஆழமில்லாத கடலில் இறங்கி நடப்பதுபோல நினைக்க வேண்டாம்!

*அக்கா:* அப்பாவின் முழங்காலைப் பாருங்கள். எல்லாம் நடையாக இருக்கக்கூடாது.

*சுவிஸ் அண்ணா:* கப்பல் இருக்கிறதே. இங்கேயே ஏறி றைன் ஆற்றோடு ஷாப்ஹவுசன் வரை இருந்துகொண்டே போகலாம். அங்கே றைன் அருவி. 23 மீற்றர் உயரம்தான், ஆனால் 150 மீற்றர் அகலம். கிட்டப் போனால் பேசுவது கேட்காது. இன்னொரு நாள் ஏரியின் அக்கரையில் இருக்கிற மேர்ஸ்புர்க்குக்குப் போகும் படகு. காரோடு ஏற்றுவான், 15 நிமிடம், இரவு பகலாக ஓடும்.

*அப்பா:* எங்கட காரைநகர்ப் பாதைப் படகு மாதிரி.

*சுவிஸ் அண்ணா:* அதேதான் அப்பா. 1928 முதல் ஓடுகிறது.

*அம்மா:* கோயில்?

*சுவிஸ் அண்ணா:* சூரிச்சுக்குப் பக்கத்தில் அட்லிஸ்வில் முருகன் கோயில். ஒரு வெள்ளிக்கிழமை கூட்டிப்போகிறேன் அம்மா.

*அக்கா:* அப்போ யூன் முதல் கிழமைக்கு டிக்கெட் பார்க்கிறேன். சரியா?

*சுவிஸ் அண்ணா:* சரி. அப்பாவுக்கு நல்ல சப்பாத்து இப்பவே வாங்கிக் கொடு. பாட்டாச் செருப்போடு வரவேண்டாம். காலையில் பண்ணைக் கடற்கரையில் சப்பாத்தைப் போட்டு நடந்து பழகட்டும்.

*அப்பா:* நாளைக்கே தொடங்குகிறேன்.