கறிவேப்பிலைப் புழு வளர்ப்பு: புதுப்பிப்பு

கறிவேப்பிலைச் செடியில் பறவை எச்சம் போல ஒட்டியிருக்கும் வண்ணத்துப்பூச்சிப் புழுக்களை, மூடியில் துளையிட்ட பிளாஸ்டிக் டப்பாவில் வளர்க்கலாம் என்று முன்பு எழுதியிருந்தேன். அதில் ஒரு திருத்தம். செங்கோட்டைப் பக்கம் சாரல் தொடங்கிவிட்டால் டப்பா ஆகாது. உள்ளே நீர் கோத்து, கழிவில் பூஞ்சை பிடித்து, புழு கறுத்துத் துவண்டு செத்துவிடும். வாய்க்குக் கொசுவலை கட்டிய வாளிதான் நல்லது. அடியில் செய்தித்தாள் விரித்துத் தினமும் மாற்றுங்கள்.

தீனிக்கான கறிவேப்பிலைக் கொத்தைத் தண்ணீர் பாட்டிலில் செருகினால் கழுத்தைப் பஞ்சால் அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் புழு காம்பு வழியே இறங்கி மூழ்கிவிடும். கடைக் கறிவேப்பிலை வேண்டவே வேண்டாம். மருந்து அடித்திருப்பார்கள், கழுவினாலும் நம்ப முடியாது.

தோலுரிக்கும் முன் புழு தின்னாமல், அசையாமல் கிடக்கும். நோய் என்று நினைத்துப் பிடுங்காதீர்கள், இலையோடு வெட்டி மாற்றுங்கள். கடைசிப் பருவத்தில் பச்சையாகிவிடும். அந்தப் பச்சைப் புழு தண்ணீராகக் கழிந்துவிட்டு அலைந்தால் கூட்டுப்புழுவாகப் போகிறது. உடனே ஒரு குச்சியைச் சாய்த்து வையுங்கள். வால்நுனியைத் தானே நூற்ற பட்டுத் திட்டில் ஊன்றி, இடுப்பில் நூல் வளையம் போட்டு, தலை மேலாகச் சாய்ந்து நிற்கும். எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத காட்சி! அந்த நூல் அறுந்தால் பூச்சி சரியாக வெளிவராமல் போகலாம், ஆகவே குச்சியை அசைக்காதீர்கள்.

பலரும் கேட்டது: கூட்டில் ஊசிமுனைத் துளை விழுந்து, பூச்சி வரவில்லையே? அது ஒட்டுண்ணிக் குளவியின் வேலை; அதன் குஞ்சுகள் கூட்டுப்புழுவை உள்ளிருந்தே தின்று, துளையிட்டு வெளியேறும். புதுக் கூட்டின் மென்தோலில்தான் முட்டையிடும். கொசுவலைக் கண்ணிலும் நுழையும் அளவு சிறியது. அதனால் கூடு கட்டும் அந்த ஓரிரு நாள் மட்டும் மெல்லிய வேட்டித் துணியால் மூடுங்கள்.