வீட்டுக்குள்ள வாவல் (வௌவால்) வருது, கடிச்சா ஊசி போடணுமா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

தக்கலைக்காரி
மாமியார் வீடு பழைய ஓட்டு வீடு. பலகைத் தட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவுல சின்ன வாவல் கூட்டம் காலங்காலமா குடியிருக்கு. போன வாரம் ராத்திரி ஒண்ணு கொசுவலைக்குள்ள மாட்டிக்கிட்டு. உள்ளே மைனிக்க மகள் உறங்குதா, நாலு வயசு. மாமா வெறுங்கையால பிடிச்சு வெளிய எறியப் போனதுல விரல் நுனியில கடிச்சிட்டு. ரெண்டு புள்ளி, ஒரு சொட்டு ரத்தம். "நாயா கடிச்சுது, வாவல்தானே"ன்னு சாரத்துல துடைச்சிட்டுப் படுக்கப் போனவரை இழுத்துட்டு வந்து சோப்பு போட்டுக் கழுவ வச்சேன். காலைல ஒரு ஆஸ்பத்திரியில "வாவலுக்கு ஊசி தேவையில்ல"ன்னு அனுப்பிட்டாங்க. இன்னொரு இடத்துல கேள்வி கேக்காம போட்டாங்க. எது சரி? பிள்ளைக்கும் போடணுமா?

மார்த்தாண்டம் பத்தாயம்
எங்க வீட்டு மச்சுல நான் பிறக்குறதுக்கு முன்னாலயே இருக்கு. இதுவரை யாரையும் கடிச்சதில்ல. நாத்தம்தான் தாங்க முடியல. பயப்படாதீங்க பிள்ளே.

ஓய்வுபெற்ற நர்ஸ்
மார்த்தாண்டத்து அண்ணன் சொல்லுதது பாதி சரி. மேல தொங்குத வாவலால ரேபிஸ், அதாவது வெறிநாய்க்கடி நோய், வராது. எச்சம், மூத்திரம் பட்டாலும் வராது. எச்சில் காயத்துலயோ, கண்ணு வாயிலயோ படணும். நம்ம நாட்டுல ரேபிஸ்னா ஏறக்குறைய எல்லாமே நாய்க்கடிதான். நான் வேலையில இருந்த காலம் முழுக்க பார்த்ததும் அதுதான்.

ரெண்டு ஆஸ்பத்திரியும் ரெண்டு மாதிரி சொன்னதுக்குக் காரணம் இருக்கு. முன்னால வந்த நம்ம அரசு வழிகாட்டுதல்கள்ல, வௌவால் ரேபிஸ் இந்தியாவுல உறுதியாகல்ல, அதனால ஊசி வேண்டாம்னே எழுதியிருந்துது. உலக சுகாதார நிறுவனம் அப்படிச் சொல்லல. வௌவால் நேரடியா மேல பட்டாலே மூணாம் வகை, அதாவது கடுமையான வகைன்னு வச்சிருக்கு. நாகாலாந்துல வௌவால் ரத்தத்துல இந்த வைரஸ் குடும்பத்துக்கான எதிர்ப்புப் பொருள் கண்டுபிடிச்சிருக்காங்க, அதாவது அதுகளுக்கு அந்த வகை வைரஸ் பட்டிருக்கலாம். இலங்கையில கண்டி பக்கம் கன்னொருவைல பழந்தின்னி வௌவால்லயே ரேபிஸோட சொந்தக்கார வைரஸ் ஒண்ணு கிடைச்சுது. கடல் தாண்டினா இலங்கை, அந்தப் பழந்தின்னி நம்ம ஊர்லயும் உண்டு. நோய் வெளிப்பட்ட பிறகு ஆளைக் காப்பாத்த முடியாது. அதனால நான் ஊசி பக்கம்தான்.

கழுவ வச்சது பெரிய காரியம். ஓடுத தண்ணியில 15 நிமிஷம் கழுவணும், மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாப்பொடி எதுவும் வைக்கக் கூடாது. தோலுக்குள்ள போடுத முறைன்னா 0, 3, 7, 28-ஆம் நாள், ரெண்டு கையிலயும். ரத்தம் வந்த கடி ஆனதால காயத்துக்குள்ள போடுத இம்யூனோகுளோபுலினும் (உடனே வேலை செய்யுத எதிர்ப்புப் பொருள் மருந்து) வேணும். முதல் ஊசியில இருந்து 7 நாளுக்குள்ளதான் அது போடலாம். மாமாவுக்குப் போட்டாங்களான்னு இன்னைக்கே சீட்டை எடுத்துப் பாருங்க.

பிள்ளை விஷயம்: இந்த வாவலுக்குப் பல்லு ஊசி மாதிரி, கடிச்ச தடமே சில நேரம் தெரியாது. உறங்கின பிள்ளைக்குச் சொல்லவும் தெரியாது. ஒரே வலைக்குள்ள இருந்திருக்கு. டாக்டர்கிட்ட இதை அப்படியே சொல்லிப் போட்டுருங்க.

குலசேகரம் ரப்பர்
எங்க பக்கம் சின்ன வாவல் இல்ல, பெருசு. சக்கை (பலா) பழுக்குத காலத்துல கரண்ட் கம்பியில அடிபட்டுத் தொங்கும். கீழ விழுந்ததைப் பள்ளிக்கூடப் பிள்ளைங்க றெக்கையை விரிச்சுப் பிடிச்சு விளையாடும். சாகாம கிடந்தா கண்டிப்பா கடிக்கும். 2018-ல கோழிக்கோட்டுல வாவலால பரவுத நிபா காய்ச்சல் வந்தப்போ எல்லாரும் பயந்து பழத்தையே தொடல்ல. இப்போ அது ஓர்மையிலயே இல்ல. வாவல் கொறிச்ச பழத்தை எடுத்துத் தின்னாதீங்க, அக்கானி (பதநீர்) இறக்குதவங்க கலயத்தை மூடி வைங்க. இது ரேபிஸ் இல்ல, வேற கதை, ஆனா சொல்லணும்னு தோணிச்சு.

தோவாளை பூக்காரி
எங்க பூனை வாரத்துக்கு ஒண்ணு கவ்விட்டு வந்து அடுக்களையில போடுது. அதுக்கு என்ன செய்ய?

ஓய்வுபெற்ற நர்ஸ்
பூனைக்கு வருஷா வருஷம் தடுப்பூசி. வாவலை வாரியலால முறத்துல தள்ளி எடுங்க, கை படக் கூடாது. உயிரோட அறைக்குள்ள பறந்தா ஃபேனை நிறுத்தி, லைட்டை அணைச்சு, ஜன்னலைத் திறந்து வச்சு, கதவைச் சாத்திட்டு வெளிய வந்திரணும். அதுவே போயிரும். தரையில கிடந்தா வாளியைக் கவுத்து, அடியில அட்டையைச் செருகி வெளிய கொண்டு போங்க.

தக்கலைக்காரி
சீட்டைப் பார்த்தேன், ஊசி மட்டும்தான் எழுதியிருக்கு. மாமாவையும் பிள்ளையையும் கூட்டிட்டு இப்போ ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புறோம். ஓட்டுக்கடியில கம்பிவலை அடிக்க ஆசாரியையும் வரச் சொல்லியாச்சு.

மார்த்தாண்டம் பத்தாயம்
பகல்ல அடைக்க விடாதீங்க, எல்லாம் உள்ளதான் கிடக்கும். இருட்டின பிறகு இரை தேடப் போயிரும், அப்போ அடைக்கச் சொல்லுங்க. குட்டி உண்டான்னு முதல்ல டார்ச் அடிச்சுப் பாருங்க. குட்டி கிடந்தா அது பறக்குத வரை பொறுக்கணும், இல்லேன்னா செத்து நாறிரும்.