அம்மாவின் சேலையில் கத்தரி வைத்த நாள்: ஒட்டுத்துணிப் போர்வை தைப்பவர்களின் அனுபவங்கள்

கோயம்புத்தூரிலிருந்து

ஒட்டுத்துணிப் போர்வை தைக்கிற எல்லோருக்கும் வணக்கம். குவில்ட் என்றாலும் சரி, ஒட்டுப்போர்வை என்றாலும் சரி, உங்கள் கைபட்ட ஒன்றின் கதையை எழுதுங்கள். கெட்டுப்போனதையும் சேர்த்து எழுதுங்கள். முதலில் என் கதை.

அம்மா காலமான பிறகு பட்டுச்சேலைகளைத் தங்கைகள் இருவரும் எடுத்துக்கொண்டார்கள். தினசரி உடுத்திய நூல் சேலைகள் ஒன்பது மிஞ்சின. அவற்றை யாரும் கேட்கவில்லை. இரண்டு வருடம் அந்துருண்டை போட்டு என் பீரோவிலேயே வைத்திருந்தேன். உடுத்தினால் கிழிந்துவிடும் அளவுக்கு நைந்தவை, தானமாகக் கொடுக்கவும் மனம் வரவில்லை. போர்வையாகத் தைக்கலாம் என்று முடிவுசெய்த பிறகும், முதல் சேலையை மேசையில் விரித்து, கத்தரிக்கோலைக் கையில் எடுத்து, திரும்ப மடித்து வைத்துவிட்டேன். இப்படி நான்கு நாள் நடந்தது. ஐந்தாம் நாள், அம்மா தானே இழை எடுத்துத் தைத்திருந்த ஒரு கிழிசல் கண்ணில் பட்டது. சின்னச் சின்னத் தையல், துணியின் நிறத்திலேயே நூல். கிழிந்ததைத் தைத்துப் பயன்படுத்தியவருக்கு நான் வெட்டித் தைப்பது தவறாகத் தோன்றாது என்று அப்போதுதான் தைரியம் வந்தது.

வெட்டத் தொடங்கியதும் ஒன்று தெரிந்தது. ஒரே சேலையில் இரண்டு மூன்று நிறம் இருக்கிறது. இடுப்பில் செருகும் உள்முனை வெயிலே படாமல் வாங்கிய அன்றைய அரக்கு நிறத்தில் இருக்கிறது. முந்தானை வெளுத்துச் செங்கல் நிறமாகிவிட்டது. கொசுவத்தின் கீழ்ப்பகுதி தரையில் உரசி நூல்நூலாகத் தேய்ந்திருக்கிறது. கடையில் தேடினாலும் கிடைக்காத இந்த நிற அடுக்கை அம்மா முப்பது வருடம் உடுத்தியே உண்டாக்கியிருக்கிறார். உள்முனைத் துண்டுகளை நடுவிலும், வெளுத்தவற்றை ஓரங்களிலும் வைத்தேன்.

மூன்றரை அங்குலச் சதுரங்கள், குறுக்கே 16, நெடுக்கே 20, ஆக 320 துண்டுகள். தையலுக்குப் பக்கத்துக்குக் கால் அங்குலம் போனால், ஒவ்வொன்றும் மூன்று அங்குலமாக நிற்க வேண்டும். ரவிக்கை தைத்துப் பழகிய கைக்குக் கால் அங்குலம் வருவதில்லை, தாராளமாக விட்டுத்தான் தைக்கும். ஒரு தையலுக்கு வீசம் (பதினாறில் ஒரு பங்கு) அங்குலம் கூடுதலாகப் பிடித்தேன் என்று வையுங்கள்; ஒரு துண்டுக்கு இரண்டு பக்கமும் சேர்ந்து அரைக்கால் (எட்டில் ஒரு பங்கு), பதினாறு துண்டுக்கு இரண்டு அங்குலம்! என் முதல் வரிசைக்கும் ஏழாம் வரிசைக்கும் சரியாக அந்த வித்தியாசம் வந்தது. ஐந்து வரிசைகளைப் பிரித்தேன். நைந்த துணியில் தையலைப் பிரிப்பது புண்ணில் கட்டுப் பிரிப்பது போன்றது. இழுத்தால் துணியும் கூடவே வரும். மூன்று தையலுக்கு ஒன்றாக அறுத்து, நூலைத் தனியாக உருவ வேண்டும். அதன்பிறகு இயந்திரத்தின் தட்டில் கால் அங்குலத்துக்கு ஒரு பட்டைத் தாள் ஒட்டிவிட்டேன். தடித்த 16ஆம் எண் ஊசியை மாற்றி மெல்லிய 11ஆம் எண் போட்டதும் ஓட்டைகளும் குறைந்தன.

மேல்துணிக்கும் அடித்துணிக்கும் நடுவில் என்ன வைப்பது என்பதுதான் நம் ஊரில் பெரிய கேள்வி. இலவம் பஞ்சு ஒரு துவைப்பிலேயே மூலைக்கு ஓடிக் கட்டியாகிவிடும். பாலியஸ்டர் பஞ்சுத்தாள் வைத்தால் சித்திரை மாதத்தில் தொடவே முடியாது. கடைசியில் அப்பாவின் பழைய வேட்டியை இரண்டு மடிப்பாக வைத்தேன். வங்காளத்தில் காந்தா என்ற போர்வைக்குப் பழைய சேலைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போடுகிறார்கள் அல்லவா, அதே வழிதான். 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்கிறோமே, காந்தா என்ற பெயரைக் கேட்டாலே எனக்கு அந்தக் கந்தைதான் நினைவுக்கு வருகிறது.

ஏழு மாதம் ஆனது. வீட்டுக்கு வந்தவர்கள் "கடையில் நானூறு ரூபாய்க்குப் போர்வை கிடைக்கிறதே" என்றார்கள். அந்தக் கேள்வி இன்றும் எனக்கு வலிக்கிறது.

டொராண்டோவிலிருந்து

அக்கா, உள்முனை நிறத்தைப் படித்ததும் எழுந்து போய் என் சேலை ஒன்றை விரித்துப் பார்த்துவிட்டு வந்தேன். நீங்கள் சொன்னது உண்மை.

இங்கே குளிர் என்பதால் நடுப்பஞ்சு பற்றிக் கவலை இல்லை. பஞ்சுத்தாள் பொட்டலத்தின்மேலேயே எத்தனை அங்குல இடைவெளிக்குள் தையல் ஓட வேண்டும் என்று அச்சிட்டிருக்கும். அதைப் படிக்காமல் என் முதல் குவில்ட்டில் ஓரடிக்கு ஒரு கோடு தைத்தேன். மூன்றாவது துவைப்பில் உள்ளே பஞ்சு பிய்ந்து, வெளிச்சத்தில் பிடித்தால் மேகமும் வானமும் போலத் தெரிந்தது. மகள் இன்னும் அதைத்தான் போர்த்திக்கொள்கிறாள்.

மூன்று அடுக்கையும் தரையில் விரித்து, சுருக்கமில்லாமல் நீவி, கைப்பிடி இடைவெளிக்கு ஒரு ஊக்கு குத்துவது பெரிய வேலை. முழங்கால் இரண்டும் கேட்கும். கையால் தைக்கும்போது கீழே இருக்கும் இடது விரல், ஊசிமுனை வந்துவிட்டதா என்று உணர வேண்டும். முதல் மாதம் குத்துப்பட்டுத் துணியில் இரத்தப்பொட்டு வைத்துவிட்டேன். கூடத் தைக்கும் மூதாட்டி ஒருவர், வெள்ளை நூலை வாயில் போட்டு நனைத்து உன் எச்சிலாலேயே ஒற்றி எடு என்றார். ஒற்றினேன், போய்விட்டது.

அவர்தான் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்ற சிற்றூரைப் பற்றிச் சொன்னவர். ஆற்று வளைவில் இருக்கும் ஊர். அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள், வயல்வேலைக்குப் போட்டுத் தேய்ந்த கால்சட்டைகளையும் சட்டைகளையும் வெட்டி, குளிருக்காகத் தைத்த போர்வைகள். முட்டி தேய்ந்த இடத்தின் வெளுப்பும், பை பிரித்த இடத்தின் கருநீலமும் அப்படியே தெரியும். 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் அவற்றைச் சுவரில் மாட்டினார்கள். 2006இல் அமெரிக்க அஞ்சல்துறை அவற்றுக்குத் தபால்தலை வெளியிட்டது. ஒரு கோடுகூட நேராக இல்லாத போர்வைகளும் அவற்றில் உண்டு. அதைப் பார்த்த பிறகு, இரண்டு அங்குலம் கோணியதற்காக ஐந்து வரிசையைப் பிரித்திருக்க மாட்டேன் என்று தோன்றுகிறது, அக்கா.

மதுரையிலிருந்து

அப்பாவுக்குத் தையற்கடை. சட்டைத் துணியில் மிஞ்சும் வெட்டுத்துணிகள் மூட்டையாகக் கிடக்கும், அதில்தான் தொடங்கினேன். ஆண்பிள்ளை போர்வை தைக்கிறான் என்று யாரும் எதுவும் சொன்னதில்லை. தையற்கடைக்காரர் மகனுக்கு அந்தச் சௌகரியம் உண்டு.

தங்கைக்குக் குழந்தை பிறந்தபோது, நம் ஊர் அடையாளமாக இருக்கட்டும் என்று புதுச் சுங்குடியில் சிவப்பும், பக்கத்தில் வெள்ளை வேட்டித் துணியும் மாற்றி மாற்றி வைத்தேன். முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிய புள்ளிகள் வெள்ளைக்குப் பக்கத்தில் அவ்வளவு எடுப்பாக இருந்தன. தொட்டிலில் விரித்த மறுநாள் குழந்தை நனைத்தது. துவைத்துக் காயப்போட்டபோது வெள்ளைக் கட்டங்கள் எல்லாம் ரோஜா நிறம். உப்புத் தண்ணீர், வினிகர் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள், எதுவும் பலிக்கவில்லை. தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைத்ததில் பாதி போனது. மீதி இன்னும் இருக்கிறது. அன்று என் கண்ணில் நீர் வந்துவிட்டது. மூன்று மாத உழைப்பு.

இப்போது எந்தத் துணியையும் தனியாக ஊறவைத்து, ஈரத்தோடு வெள்ளைக் கைக்குட்டைக்கு இடையில் வைத்து அழுத்திவிட்டு மறுநாள் பார்க்கிறேன். கைக்குட்டையில் துளி நிறம் பட்டாலும் திரும்ப வாளிக்குள் போகும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் தயவுசெய்து இதைச் செய்யுங்கள்.

ஹூப்ளியிலிருந்து

நான் தைப்பதில்லை, பார்த்ததை எழுதுகிறேன். வேலை நிமித்தம் இங்கே கர்நாடகத்தில் எல்லாப்பூர், ஹளியாள் ஊர்களின் பக்கம் போய்வருவேன். அங்கே சித்தி இன மக்கள் வாழ்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழியினர். அந்தப் பெண்கள் தைக்கும் போர்வைக்குக் கவண்டி என்று பெயர். அளவுகோல் கிடையாது, தையல் இயந்திரம் கிடையாது. கீழே ஒரு பழஞ்சேலையை விரிக்கிறார்கள். ஓரத்தில் தொடங்கி, துண்டின் விளிம்பை விரலாலேயே உள்ளே மடித்து, ஓட்டுத்தையல் போட்டபடி சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருகிறார்கள். ஒட்டுவதும் அடுக்குகளைச் சேர்த்துத் தைப்பதும் ஒரே வேலையாக முடிந்துவிடுகிறது. நான்கு மூலைகளிலும் துணியை மடித்து முக்கோணப் பூ வைக்கிறார்கள். பூ இல்லாமல் விட்டால் கவண்டி அம்மணமாக இருப்பதாகச் சொல்வார்களாம். ஒரு பாட்டி கன்னடத்தில் என்னோடு பேசிக்கொண்டே, துணியைப் பார்க்காமலே ஒரு முழம் தைத்துவிட்டார்.

மீண்டும் கோயம்புத்தூரிலிருந்து

தம்பி, உங்கள் கைக்குட்டைச் சோதனையை நேற்றே செய்தேன். காரணம் இருக்கிறது. சின்னத் தங்கை போன வாரம் வந்து, போர்வையை மடியில் போட்டுக்கொண்டு அரைமணி நேரம் பேசவே இல்லை. ஒவ்வொரு கட்டமாகத் தொட்டு, இது தீபாவளிக்கு, இது பெரியம்மா வீட்டுக் கல்யாணத்துக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தாள். புறப்படும்போது, "அக்கா, எனக்கும் ஒன்று தைத்துத் தருவாயா?" என்றாள். ஒன்பது சேலையிலும் இன்னும் நிறையத் துணி இருக்கிறது. இந்த முறை மூலைகளில் கவண்டிப் பூ வைக்கப்போகிறேன்.

அரக்குச் சேலையின் உள்முனையைத்தான் முதலில் ஊறவைத்தேன். முப்பது வருடம் கழித்தும் கைக்குட்டையில் இலேசாகச் சிவந்திருக்கிறது. துணி திரும்பவும் வாளியில் இருக்கிறது.