பிளஸ் டூ பிள்ளைகளின் தூக்கம்: உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள்

திருச்சி சித்தி:
அக்கா மகன் அரையாண்டு லீவுக்கு வந்திருந்தான், நீட் கோச்சிங் வேறு. காலை நாலரைக்கு அக்கா வீடியோ காலில் வருவாள், அவன் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பதைக் காட்ட வேண்டும். ஒருநாள் சட்னியில் காரம் கொஞ்சம் தூக்கல், அவ்வளவுதான், தட்டைத் தள்ளிவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதான், ஆறடிப் பையன். எதுக்குடா கண்ணா என்றால் "தெரியல சித்தி" என்கிறான். போனை அணைத்துத் தூங்க வைத்தேன். மதியம் எழுந்து அவனாகவே மார்க் பயம், நண்பனோடு சண்டை எல்லாம் சொன்னான். அக்கா இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

சேலம் அப்பா:
லீவில் செல்லம் கொடுப்பது சுலபம். நாங்களும் விடியற்காலையில் எழுந்து படித்தவர்கள்தான். என் மகளை யாரும் எழுப்புவதில்லை, ஆனாலும் நடுராத்திரி போர்வைக்குள் வெளிச்சம். போனைப் பிடுங்கினேன், யாரோ அந்நியனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். அன்றிலிருந்து அறைக்குத் தாழ்ப்பாள்.

இரவுப்பணி நர்ஸ்:
சேலம் அப்பா, நீங்கள் எழுந்தது சரி, எத்தனை மணிக்குப் படுத்தீர்கள்? இந்த வயதில் தூக்கம் வரவைக்கும் மெலடோனின் ஹார்மோன் சுரப்பதே ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிப்போகிறது, பத்து மணிக்குப் படு என்றாலும் தூக்கம் வராது, அது திமிர் இல்லை. 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016-லேயே சொல்லிவிட்டது. நாலரைக்கு எழுப்பினால் விடியற்காலையில் அதிகம் வருகிற கனவுத் தூக்கம்தான் வெட்டுப்படுகிறது, முதல் நாள் பயமும் கோபமும் ஆறுவதில் அதற்குப் பங்கு உண்டு. கலிபோர்னியாவில் பெரும்பாலான உயர்நிலைப் பள்ளிகள் 8.30-க்கு முன் தொடங்கக் கூடாது என்று 2022 முதல் சட்டமே இருக்கிறது, இங்கே ஏழு மணிக்கு ஸ்பெஷல் கிளாஸ். அப்புறம், போனைப் பிடுங்காதீர்கள். இரவில் எல்லார் போனும் ஹாலில் சார்ஜில் இருக்கட்டும், உங்களுடையதும்தான். சாயங்காலத்துக்கு மேல் டீ, காபி வேண்டாம். அழுகையோ எரிச்சலோ இரண்டு வாரம் தாண்டினால் டாக்டரிடம் போங்கள், அல்லது அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-க்குப் பேசுங்கள்.

கோவை காலேஜ் பொண்ணு:
நானும் தாழ்ப்பாள் போட்டவள்தான் அங்கிள். போன் இல்லாத ராத்திரியிலும் டெஸ்ட் ரேங்க்கை நினைத்து விழித்தே கிடந்திருக்கிறேன். அப்பா கதவைத் தட்டினாலே மார்க் பற்றித்தான் கேட்பார் என்று பேசாமல் கிடப்பேன். அவள் ராத்திரி யாரோடு பேசுகிறாள் என்பதை விட, ஏன் வீட்டில் யாரோடும் பேசுவதில்லை என்று பாருங்கள்.

சேலம் அப்பா:
சரிம்மா. அந்த 14416-ல் தமிழில் பேசுவார்களா? பெற்றவர்களும் கூப்பிடலாமா?

இரவுப்பணி நர்ஸ்:
தமிழில் பேசுவார்கள், இலவசம், 24 மணி நேரமும் உண்டு. நீங்களே கூப்பிடலாம்.