புதுப்பிப்பு: பழைய ஹேண்ட்பேனில் துருவும் கரகரக்கும் ஏ சுரமும்

போன மாதம் செகண்ட் ஹேண்டில் ஒரு ஹேண்ட்பேன் (கையால் தட்டி வாசிக்கும் எஃகு இசைக்கருவி) பார்த்தேன். டி சுரத்தை அடிப்படையாகக் கொண்ட 'டி குர்த்' சுர வரிசை. ஒன்பது சுரம், நைட்ரைடு செய்த (நைட்ரஜனால் மேற்பரப்பைக் கடினமாக்கிய) எஃகு. மேலே பழுப்புப் புள்ளிகள், தாழ்ந்த ஏ சுரத்தில் ஒரு கரகரப்பு. வாங்கலாமா என்று இங்கே கேட்டிருந்தேன். பொறுமையாகப் பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. வாங்கிவிட்டேன்.

கரகரப்புக்கு விடை தந்தது, "ஒரே சுரத்தில் மூன்று அதிர்வெண்களையும் தனித்தனியாகப் பார்" என்ற யோசனைதான். ஹேண்ட்பேனில் ஒரு சுரத்தைத் தட்டினால் அதன் அடிப்படை அதிர்வெண்ணோடு, இரு மடங்கும் மும்மடங்கும் சேர்ந்து ஒலிக்கும். சுருதி காட்டும் டியூனர் ஆப்பில், தாழ்ந்த ஏ-யின் 220, 440 ஹெர்ட்ஸ் இரண்டும் சரி. 660-ஐ ஒட்டி வரவேண்டிய மேல் ஐந்தாம் சுரம் மட்டும் இறங்கியிருந்தது. முன்பு வைத்திருந்தவர் அந்த இடத்தில் ஓங்கி அடிப்பாராம். டியூன் செய்பவர் சுத்தியலால் சரிசெய்து தந்தார். இப்போது அந்த ஏ கணீரென்று நிற்கிறது, கேட்கவே நெகிழ்ச்சியாக இருக்கிறது.

துரு மேலோட்டமானதுதான். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டு, எண்ணெய் தொட்ட துணியால் மெதுவாகத் தேய்த்தேன். இரண்டு இடத்தில் நிழல் மாதிரி தங்கிவிட்டது, ஒலியில் வித்தியாசமில்லை. உப்புத்தாள் மட்டும் வேண்டாம். நைட்ரைடு படலம் மெல்லியது, அது தேய்ந்துபோனால் துரு இன்னும் வேகமாகப் பிடிக்கும்.

எதிர்பாராதது ஒன்று: ஏ சுரத்தைச் சரிசெய்வதற்கு முன், மதிய வெயிலில் பார்த்தபோது எல்லாச் சுரமுமே இறங்கியிருந்தன. பயந்துபோனேன். இரவு பார்த்தால் ஏ தவிர மற்றவை சரியாக இருந்தன. எஃகு சூடானால் சுருதி இறங்கும், அவ்வளவுதான். வாங்கப் போகிறவர்கள் நிழலில், கருவி ஆறிய பிறகு சோதியுங்கள்.

எங்கள் வீடு கடற்கரைப் பக்கம் என்பதால் வாசித்ததும் துடைத்து, பைக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைக்கிறேன்.